ஆபரேஷனுக்கு முன்பே குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுப்பது அவசியமா?

நாலு வயது மகனுக்கு ஹெர்னியா ஆபரேஷன், தியேட்டருக்குள் போவதற்கு முன்பே ஏதோ சிரப் கொடுப்பார்களாம், அதன் மேல் மயக்க மருந்தும் சேர்ந்தால் அளவு மீறிவிடாதா, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். உங்கள் பையனை நான் பார்க்கவில்லை, முடிவு அங்கே இருக்கும் மயக்க மருத்துவருடையதுதான். ஆனாலும் வேண்டாம் என்று சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அந்த சிரப் பெரும்பாலும் மிடாசோலமாக இருக்கும். அது பதற்றத்தைத் தணிப்பதற்கு, ஆபரேஷன் செய்வதற்கான மயக்கம் அதில் வராது. வழக்கமாகக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வரை, குடித்த 20 அல்லது 30 நிமிடத்தில் கண் சொருகும், பேச்சு குழறும், சில பிள்ளைகள் காரணமே இல்லாமல் சிரிப்பார்கள். உங்கள் தோளிலிருந்து நர்ஸ் கைக்கு மாறும்போது வீறிட்டு அழுவதில்லை. மருந்து பிடித்த பிறகு நடப்பது பெரும்பாலும் நினைவில் பதிவதில்லை, அதனால் மயக்க வாயு கொடுக்க முகத்தில் மாஸ்க் வைத்த நேரம் அவனுக்குப் பின்னால் ஞாபகம் வர வாய்ப்பு குறைவு. சிரப் கொடுத்தது மயக்க மருத்துவருக்குத் தெரியும், மற்ற மருந்துகளை அதற்கு ஏற்றபடிதான் கொடுப்பார். நம் ஊரில் பல இடங்களில் ஊசி மருந்தையே சர்க்கரைப் பாகிலோ ஆப்பிள் ஜூஸிலோ கலந்து வாயில் கொடுப்பது வழக்கம், பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அப்படியே கொடுத்தால் கசப்பு தாங்காமல் துப்பிவிடுவார்கள்.

'கொஞ்ச நேரம் அழுவான், அப்புறம் சரியாகிவிடுவான்' என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. நாலு பேர் கை காலைப் பிடித்து மாஸ்க்கை அழுத்தினால் வேலை முடிந்துவிடும், ஆனால் அந்தப் பயம் குழந்தையோடு வீட்டுக்கு வரும். தூக்கத்தில் அலறுவது, படுக்கையை நனைப்பது, அம்மாவை ஒரு நிமிடம் விடாமல் ஒட்டிக்கொள்வது, வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே நடுங்குவது. அமெரிக்காவில் செவ் கெய்ன் என்ற மயக்க மருத்துவரும் அவருடைய குழுவும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் கழித்தும் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இப்படி ஏதாவது ஒரு மாற்றம் இருந்தது. அதே குழு 1998-ல், பெற்றோர் கூடவே உள்ளே வருவதையும் மிடாசோலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தது, மயக்கம் கொடுக்கும் நேரத்துப் பதற்றத்தை மருந்துதான் நன்றாகக் குறைத்தது. அதற்காக நீங்கள் கூட இருப்பது வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே விடுவார்களா என்று கேளுங்கள், விட்டால் போங்கள்.

இந்த சிரப்புக்குப் பதிலாக, மூக்கில் விடும் டெக்ஸ்மெடெடோமிடின் என்ற மருந்தும் இப்போது நிறையப் பயன்படுகிறது. மூக்கு எரியாது, இயல்பான தூக்கம் போலவே இருக்கும், ஆனால் வேலை செய்ய அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், இதயத் துடிப்பைக் கொஞ்சம் குறைக்கும்.

இப்படி முன்கூட்டியே தூக்க மருந்து கொடுப்பது எல்லாருக்கும் ஒத்துவராது என்பதும் உண்மை. இரவில் பலமாகக் குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று திணறும் குழந்தை என்றால் கட்டாயம் சொல்லுங்கள், டான்சில், அடினாய்டு (மூக்கின் பின்பக்கம் இருக்கும் சதை) பெரிதாக இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி மருந்தில் கவனம் வேண்டும். சளி, இருமல், வீசிங் இருந்தாலும் மறைக்க வேண்டாம், தேதி தள்ளிப்போனால் போகட்டும். சில குழந்தைகளுக்கு மிடாசோலம் எதிர்மாறாக வேலை செய்து ஆர்ப்பாட்டம் கூடும், முன்பு அப்படி நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கும் கீழே உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை, யார் தூக்கினாலும் போகும் வயது அது.

சிரப் கொடுத்த பிறகு பையனை நடக்க விடாதீர்கள், கால் தள்ளாடி விழுவான். மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுங்கள், சொந்தக்காரர்கள் சுற்றி நின்று அழ வேண்டாம். 'ஊசி போடமாட்டார்கள்', 'ஐஸ்கிரீம் வாங்கப் போகிறோம்' என்று பொய் சொல்லவும் வேண்டாம். முந்தின நாளே வீட்டில் ஒரு மாஸ்க்கைப் பொம்மைக்கு வைத்து விளையாடிக் காட்டலாம்.

பட்டினி விஷயம் ரொம்ப முக்கியம். பால், சாப்பாடு எல்லாம் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்பது சரி, ஆனால் வெறும் தண்ணீரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு முன்வரை கொடுக்கலாம். ராத்திரியிலிருந்தே ஒன்றும் கொடுக்காமல் காயப்போட்டால் காலையில் பிள்ளை பசியிலும் தாகத்திலும் அழுதுகொண்டிருக்கும், அப்புறம் எந்த சிரப் கொடுத்தும் சமாளிப்பது கஷ்டம். உங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை மணி வரை தண்ணீர் தரலாம் என்று நேரத்தோடு கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கண் விழிக்கும்போது கொஞ்ச நேரம் யாரையும் அடையாளம் தெரியாத மாதிரி கத்தி உதறலாம். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், விழாமல் பிடித்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினால் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போக வேண்டாம், ஆட்டோவிலோ காரிலோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தலை தொங்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.