வீட்டுக் கேள்வி: உப்பு பூக்கும் மேற்குச் சுவர்

கேள்வி: எங்களுடையது தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடு. படுக்கையறையின் மேற்குச் சுவரில் இடுப்பளவுக்கு உப்பு பூத்துப் பெயின்ட் உரிகிறது. பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள். சாரல் தொடங்கினால் அறையெல்லாம் ஓத வாடை; மகனுக்கு ஓயாத தும்மல். வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இரண்டு தடவை அடித்தாயிற்று. அறைக் காற்றை லேபில் சோதிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: வேண்டாம்மா. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிகிறது, வாடை மூக்குக்குத் தெரிகிறது. லேப் அதையே காசு வாங்கிக்கொண்டு எழுதித் தரும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று 2009-ல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டியே பூஞ்சணத்துக்கு ஓர் அளவு சொல்லவில்லை. ஈரத்தை ஒழிக்கத்தான் சொல்கிறது. அந்தப் பணம் கொத்தனாருக்கு ஆகட்டும்.

ஒரே சுவரில் இரண்டு தொந்தரவு இருக்கும் போலிருக்கிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பாலித்தீன் தாள்களை, டேப் நிற்கிற இடமாகப் பார்த்து, நாலு ஓரமும் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துச் சுவர்ப் பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் வேர்த்திருந்தால் அது காற்றிலிருக்கும் ஈரம்.

கீழே உப்பு பூப்பது அநேகமாகத் தரை ஈரம். வெளியே போய்ப் பாருங்கள். நம் ஊர்களில் ரோட்டு மேல் ரோடு போட்டு வீடுகளெல்லாம் பள்ளமாகிவிட்டன. சுவரோரம் மழைத்தண்ணீர் தேங்குகிறதா? மண் குவித்துச் செடி வைத்திருக்கிறீர்களா? சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை என்றால், ராத்திரி எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

அப்புறம், அந்தச் சுவரில் இடையில் யாரோ சிமென்ட் பூசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நம்மவர்களுக்கு வழவழப்பின் மேல் அவ்வளவு ஆசை! சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட்டும் உங்கள் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட்டும் அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். முதலில் தண்ணீர் வரும் வழியை நிறுத்துங்கள். பிறகு உப்புக் கறைக்கு ஓரடி மேல் வரை கொத்தி எடுத்து, பங்குனி சித்திரை வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பே பூசச் சொல்லுங்கள். மூன்றாவது பெயின்ட் மட்டும் வேண்டாம்.

பீரோவுக்குப் பின்னால் இருப்பது வேறு கதை. ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் அடிக்கும்போது ஜன்னலை அடைத்து, அறைக்குள் கொடி கட்டித் துணி காயப்போடுவீர்கள். துணியிலிருக்கும் தண்ணீர் எங்கே போகும்? காற்றோட்டமில்லாத குளிர்ந்த சுவரில்தான் போய் உட்காரும். பீரோவை அரையடி முன்னே இழுங்கள், துணிக்கொடியைத் தார்சாவுக்கு (வாசல் பக்கத் தாழ்வாரத்துக்கு) மாற்றுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். சாரல் நாளில் வெளிக்காற்றே அதைத் தாண்டிவிடும் என்பதால், வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடுங்கள்.

புள்ளிகளை உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், பறக்கும். மாஸ்க் கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடையுங்கள். ப்ளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மகனை டாக்டரிடம் காட்டும்போது இந்தச் சுவர் விஷயத்தையும் சொல்லுங்கள். சுவர் காயும் வரை அவன் பட்டாசலில் (கூடத்தில்) படுக்கட்டும்.