டர்போ இல்லாத 1988 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 வாங்கியிருக்கிறேன். டிரிஃப்டிங், ஆட்டோகிராஸ் இரண்டுக்கும் முதலில் எதை மாற்ற வேண்டும்?

கையில் 3,000 டாலர் இருக்கிறது, மாதம் ஒரு ஆட்டோகிராஸ் (கோன்களுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டுவது), வருடத்துக்கு இரண்டு மூன்று டிரிஃப்ட் நாள் (பின்பக்கத்தை வழுக்கவிட்டு ஓட்டுவது), டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளிப் பவர் கூட்டும் கருவி) போடலாமா என்று யோசிக்கிறேன் என எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையதைப் போன்ற இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7, நாங்கள் எஃப்சி என்று சொல்வது, ஒஹாயோவில் ஒன்பது வருடமாக என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு எஞ்சினைப் பறிகொடுத்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: அந்தப் பணம் முதலில் கூலிங்குக்குப் போகட்டும். அடுத்தது காரின் பின்பக்கம். பவர் எல்லாவற்றுக்கும் கடைசி.

ஒரு போல்ட் வாங்குவதற்கு முன்னால் கம்ப்ரெஷன், அதாவது எஞ்சின் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று, பாருங்கள். உங்கள் காரில் இருக்கும் 13பி, பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுற்றும் ரோட்டரி எஞ்சின். அதில் இரண்டு ரோட்டர். ஒவ்வொன்றும் முக்கோணம், மூன்று முனையிலும் ஒரு ஏபெக்ஸ் சீல், அதாவது காற்று கசியாமல் அடைக்கும் பட்டை. சாதாரண கேஜ் மூன்று பக்கத்தில் எது அதிகமோ அதைக் காட்டிவிட்டு நின்றுவிடும். ரோட்டரிக்கென்றே இருக்கும் கருவிதான் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். கம்பெனி சொல்லும் குறைந்தபட்ச அளவு, எஞ்சின் நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றும்போது 85 பிஎஸ்ஐ. கருவி கிடைக்காவிட்டால் காது போதும். எஞ்சினைச் சூடாக்கி, பெட்ரோலும் ஸ்பார்க்கும் வராமல் நிறுத்திவிட்டு, ஒரு ரோட்டரின் பிளக்கைக் கழற்றி, ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். பஃப், பஃப், பஃப் என்று ஒரே சீராக வர வேண்டும். மூன்றில் இரண்டு தொய்ந்து ஒன்று மட்டும் பலமாக வந்தால் ஏபெக்ஸ் சீல் போயிருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் ஒரு சீல் பக்கத்துப் பக்கமான இரண்டு அறைகளுக்கும் பொது. ஒன்று மட்டும் தொய்ந்தால் பெரும்பாலும் பக்கவாட்டு சீல். இரண்டில் எதுவானாலும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும்.

இனி சூடு. பிஸ்டன் எஞ்சினில் குளிர்ந்த காற்று வருவதும் நெருப்பு எரிவதும் ஒரே சிலிண்டருக்குள் மாறி மாறி நடக்கும். ரோட்டரியில் நெருப்பு எப்போதும் ஒரே பக்கத்தில்தான். ரோட்டர் சுற்றும் கூடான ஹவுசிங்கின் ஒரு பக்கம் கொதிக்கும்போது மறுபக்கம் புதுக் காற்றால் குளிர்ந்துகொண்டிருக்கும். போதாததற்கு, அலுமினிய ஹவுசிங்குகளை இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து நீளமான போல்ட்டுகளால் இறுக்கியிருக்கிறார்கள். சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். எஞ்சினை ஆற்றும் கூலண்ட் திரவம் கசியாமல் இடையில் தடுத்து நிற்கும் ரப்பர் சீல்தான் நசுங்கும். ஒரே ஒருமுறை நன்றாக ஓவர்ஹீட் ஆனாலே அது போய்விடலாம்.

எனக்கு நடந்தது அதுதான். ஜூலை மாத டிரிஃப்ட் நாள், நல்ல வெயில். மீட்டர் முள் முக்கால் தாண்டியதைப் பார்த்தும் இன்னும் ஒரு ரவுண்டு என்று ஓட்டினேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் காலையில் ஸ்டார்ட் செய்தபோது ஒரு ரோட்டர் மட்டும் பிடிக்காமல் திணறி, பின்னால் வெள்ளைப் புகை எழுந்தது, அதில் கூலண்டின் இனிப்பு வாடை. ராத்திரி முழுக்கக் கூலண்ட் எஞ்சினுக்குள் கசிந்திருக்கிறது. அந்தக் குளிர்காலம் முழுவதும் கார் ஜாக்கி ஸ்டாண்டின் மேல்தான் நின்றது.

ஆகவே முழு அலுமினிய ரேடியேட்டர் ஒன்று போடுங்கள். இத்தனை வருடப் பழைய ரேடியேட்டர் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. அதோடு முன்பக்கம் அடியில் குனிந்து பாருங்கள். ரேடியேட்டருக்குக் கீழே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தட்டு இருக்க வேண்டும். ஆயில் மாற்றும்போது யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள், பாதி எஃப்சிகளில் அது இருக்காது. அது இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் அடியில் நழுவிவிடும். எலக்ட்ரிக் ஃபேன் மாற்றச் சொல்பவர்கள் நிறைய. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பழைய கிளட்ச் ஃபேன் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. மலிவான எலக்ட்ரிக் ஃபேன் அதற்கு ஈடாகாது. இந்த எஞ்சினின் சூட்டில் கணிசமான பங்கை ஆயிலும் சுமக்கிறது, எனவே ஆயில் கூலரின் முன்னால் அடைந்திருக்கும் பூச்சியையும் மண்ணையும் கழுவுங்கள். தண்ணீருக்கு ஒன்று, ஆயிலுக்கு ஒன்று என்று தனி டெம்பரேச்சர் மீட்டர் கண்ணுக்கு எதிரே இருக்கட்டும். டிரிஃப்டில் கார் பக்கவாட்டில் போகும்போது ரேடியேட்டருக்கு நேர்க்காற்று கிடையாது, எஞ்சினோ 6,000, 7,000 சுற்றிலேயே இருக்கும். ஒரு ரவுண்டு முடிந்ததும் உடனே அணைக்காமல் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி ஆற விடுங்கள்.

ஏபெக்ஸ் சீலுக்கு எண்ணெய் ஊட்ட இந்த வருட மாடலில் மெக்கானிக்கல் ஆயில் பம்ப் உண்டு. அதிலிருந்து போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் வயதாகி, விரல் பட்டாலே ஒடியும். அவற்றை மாற்றுங்கள். பம்ப் இருந்தாலும் நான் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்துவிடுகிறேன். ரோட்டரி பலவீனமானது என்று சொல்பவர்களுக்கு: 1991ல் லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பியில் இருந்தது நான்கு ரோட்டர் எஞ்சின். சூடும் எண்ணெயும் சரியாக இருந்தால் இது உழைக்கும்.

பின்பக்கத்துக்கு வருவோம். எஃப்சியின் பின்சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில் மாஸ்டா ஒரு ரப்பர் புஷ் வைத்திருக்கிறது. வளைவில் பக்கவாட்டு விசை கூடக்கூட அது நெளிந்து பின்சக்கரத்தின் டோவை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தை, மாற்றும். டிடிஎஸ்எஸ் என்று பெயர். புதுக் காரில் அழகான யோசனை. முப்பத்தைந்து வருட ரப்பரில், இடமிருந்து வலம் காரைப் புரட்டும்போது பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து, பிறகு திடீரென்று நகரும். அந்தத் தாமதம் டிரிஃப்டிலும் கெடுதல், கோன்களுக்கு நடுவிலும் கெடுதல். அதற்குப் பதிலாகக் கெட்டியான புஷ் மலிவாகக் கிடைக்கிறது. பழையதைப் பிடுங்கப் பிரஸ் வேண்டும், ஒரு சனிக்கிழமை போய்விடும். என் காரில் செய்த வேலைகளிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் தந்தது இதுதான்.

அடுத்தது டிஃபரென்ஷியல், பின்சக்கரம் இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. பின்சக்கரம் இரண்டையும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றதும் அதே திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைத் தடுக்கும் வகை, இருக்கிறது. எதிர்த்திசையில் சுற்றினால் சாதா, அல்லது உள்ளே இருக்கும் கிளட்ச் தேய்ந்துவிட்டது. டிரிஃப்ட் ஆட்கள் டிஃபரென்ஷியலுக்கு வெல்டிங் வைத்து இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடு என்பார்கள். செலவு குறைவுதான். ஆனால் ஆட்டோகிராஸின் இறுக்கமான திருப்பங்களில் வெல்டிங் வைத்த கார் திரும்ப மறுத்து முன்னால் தள்ளும். இரண்டும் வேண்டும் என்பவருக்குக் கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப்தான் சரி. உங்கள் 3,000 டாலரில் பெரிய துண்டு இதற்குப் போனாலும் பரவாயில்லை.

டயர் விஷயத்தில் பின்பக்கத்துக்கு இரண்டு ஜோடி வீல் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மோட்டார் பந்தயக் கழகமான எஸ்சிசிஏ நடத்தும் ஆட்டோகிராஸில் ஸ்ட்ரீட் வகுப்புகளுக்குக் குறைந்தது 200 டிரெட்வேர் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்ற எண்) டயர் வேண்டும், அதில் நல்லது நான்கு. டிரிஃப்ட் நாளில் முன்னால் அதே நல்ல டயர், பின்னால் மலிவான, கொஞ்சம் ஒல்லியான டயர். 146 குதிரைத்திறன் காரில் பின்னால் அகலமான டயர் போட்டால் கார் வழுக்கவே வழுக்காது. இன்னொன்று, நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் உங்களை மேல் வகுப்புக்குத் தள்ளலாம். வாங்குவதற்கு முன் அந்த வருட விதிப் புத்தகத்தைப் படியுங்கள். ஒரு கோனைத் தட்டினால் 2 விநாடி அபராதம், எந்தப் பார்ட்ஸாலும் அதை மீட்க முடியாது.

டர்போ வேண்டுமென்றே ஆசை இருந்தால் டர்போ காராகவே வாங்குவது நல்லது. அந்தக் காலத்து டர்போ மாடலில் 182 குதிரைத்திறன் மட்டும் வித்தியாசம் இல்லை. ரோட்டரின் கம்ப்ரெஷன் விகிதம் 9.4க்குப் பதில் 8.5, கியர் பாக்ஸும் டிஃபரென்ஷியலும் வேறு, பலமானவை. உங்கள் காரில் டர்போவை மட்டும் மாட்டினால் மிச்சமெல்லாம் வரிசையாக உடையும். எஞ்சின் துடிப்பாக ஏற வேண்டுமென்றால் லைட் ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரத்தின் எடை குறைந்த வகை) போடுங்கள், ஆனால் அதோடு ஆட்டோமேட்டிக் காரில் வரும் பின் கவுன்டர்வெயிட் என்ற சமன் எடையையும் சேர்த்து வாங்க வேண்டும். மேனுவல் காரின் பழைய ஃப்ளைவீலிலேயே அந்த எடை சேர்ந்திருக்கிறது. இது தெரியாமல் வெறும் ஃப்ளைவீல் வாங்கி வந்து கையைப் பிசைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மறந்துவிட்டேன். ஆட்டோகிராஸ் காலையில் கார்கள் வரிசையில் காத்திருக்கும் கிரிட்டில் காரைப் பத்தடி முன்னால் நகர்த்தச் சொல்வார்கள். குளிர்ந்த ரோட்டரியை ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, உடனே அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கிவிடும். அடுத்த முறை எவ்வளவு அடித்தாலும் பிடிக்காது, உங்கள் முறை வரும்போது பிளக்கைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். நியூட்ரலில் போட்டுத் தள்ளுங்கள். கார் 1,200 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், பக்கத்துக் கார்க்காரர் ஒரு கை கொடுத்தால் நகர்ந்துவிடும்.