மாலையில் வீடு ஏன் உயர்கிறது?

அன்புள்ள ஐயா,

கோடை விடுமுறையில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஊட்டி போக டிக்கெட் எடுத்திருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. ரயில் ஏற ஏற எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறோம் என்று காட்டும் சிறு பெட்டி ஒன்றை மூவரும் சேர்ந்து செய்தோம். நிரலை ஓட்டும் ஈஎஸ்பி32 போர்டு, காற்றழுத்தம் அளக்கும் பிஎம்பி280 சென்சார், 0.96 அங்குல ஓஎல்இடி திரை, அவ்வளவுதான்.

வேலை செய்கிறது. ஆனால் மேசையை விட்டு நகராமலே காலை 10 மணிக்கு 408 மீட்டர் காட்டுகிறது, மாலை 4 மணிக்கு 437. மறுநாளும் இதே கதை. மகன் அதற்கு “பொய் சொல்ற பெட்டி” என்று பெயரே வைத்துவிட்டான். சென்சார் போலியா? வேறு வாங்கட்டுமா? பவர் பேங்கில் இணைத்தால் அரை நிமிடத்தில் அணைந்துபோகிறது. கைபேசியில் ஒரு ஜிபிஎஸ் செயலி இதே மேசையில் 320 மீட்டர் என்கிறது. எதை நம்புவது?

ஆர்.,
கோயம்புத்தூர்

*

அன்புள்ள ஆர்.,

சென்சாரை மாற்ற வேண்டாம். உங்கள் பெட்டி பொய் சொல்லவில்லை என்று முதலில் மகனிடம் சொல்லிவிடுங்கள். அது உயரத்தை அளப்பதே இல்லை. தன் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் எடையைத்தான் அளக்கிறது. அதை மீட்டராக மாற்றிச் சொல்வது நாம் எழுதிய கணக்கு.

கோவையின் உயரத்தில் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறைந்தால் அந்தக் கணக்கு ஏறத்தாழ 8.7 மீட்டர் ஏறிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். உங்கள் 29 மீட்டர் வித்தியாசம் என்பது 3.3 ஹெக்டோபாஸ்கல். நம் ஊரில் தினமும் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே அழுத்தம் ஏறத்தாழ இந்த அளவுக்குத்தான் இறங்கும். காற்றுக்கும் ஏற்றவற்றம் உண்டு. கடலில் அதைப் பெரும்பாலும் நிலா செய்கிறது, காற்றில் வெயில் செய்கிறது. மேலே ஓசோனும் கீழே நீராவியும் வெயிலை வாங்கிச் சூடேறுவதால் காற்றுமண்டலம் முழுவதும் நாளுக்கு இரண்டு முறை அலையாக எழுந்து தணிகிறது. காலை, இரவு 10 மணியை ஒட்டி உச்சம்; அதிகாலை, மாலை 4 மணியை ஒட்டித் தாழ்வு. நிலநடுக்கோட்டுப் பக்கம் இந்த அலை பெரிது, துருவங்களை நோக்கிப் போகப் போகச் சிறுத்துவிடும். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே இந்த அலை சிறியது, மழைக்காற்றும் புயலும் கொண்டுவரும் மாற்றத்தில் மறைந்துபோகும். அதனால் அவர்கள் இதைச் சொல்வதில்லை, நம் பிள்ளைகள் சென்சாரைச் சந்தேகிக்கிறார்கள்.

பயணத்துக்கு முன் ஒரு நாள் பெட்டியை நகர்த்தாமல் வைத்து, மணிக்கு ஒருமுறை மீட்டரை விட்டுவிட்டு அழுத்தத்தை மட்டும் மகளைக் குறிக்கச் சொல்லுங்கள். இரவு நேரத்துக்கு நிரலே சேமித்துக்கொள்ளட்டும். வரைதாளில் இரண்டு திமில்கள் வரும். அந்தப் படம் கைக்கு வந்த பிறகு ரயில் ஏறினால் போதும்.

இனி ரயிலுக்கு. கடல்மட்டத்தில் அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று நிரலில் இருக்கும் எண்ணை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு பொத்தான் வையுங்கள். மேட்டுப்பாளையம் நிலையத்தில் வண்டி கிளம்பும் முன் அதை அழுத்தினால் அந்த நேரத்து அழுத்தம் ‘அடிவார அழுத்தம்’ என்று பதிய வேண்டும். ஏறிய உயரம் = 44330 × (1 − (இப்போதைய அழுத்தம் ÷ அடிவார அழுத்தம்)^0.1903). இதோடு மேட்டுப்பாளையத்தின் 326 மீட்டரைக் கூட்டிக்கொண்டால் கடல்மட்டத்திலிருந்து உயரம். பொத்தானின் ஒரு கால் போர்டின் 27ஆம் பின்னுக்கு (இணைப்புக் காலுக்கு), மறு கால் கிரவுண்டுக்கு. உள் புல்-அப்பை, அதாவது பொத்தான் அழுத்தாதபோது பின்னை 3.3 வோல்ட்டில் பிடித்துவைக்கும் உள் ரெசிஸ்டரை, நிரலில் போட்டுக்கொள்ளலாம். 34 முதல் 39 வரையுள்ள பின்களில் மட்டும் வைக்காதீர்கள். அவற்றுக்கு உள் புல்-அப் கிடையாது, பொத்தான் தொடாமலே அழுத்தப்பட்டதாகக் காட்டும்.

இந்த ரயிலைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாராட்ட வேண்டும். உயரமானியைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. நம் ரயில்வேயில் நிலையப் பெயர்ப்பலகையிலேயே கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். 46 கிலோமீட்டர் தூரத்துக்கு நிலையத்துக்கு நிலையம் விடைத்தாள் நட்டு வைத்தது போல. குன்னூர் 1712, உதகமண்டலம் 2203. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் தொடங்கும். அங்கிருந்து குன்னூர் வரை மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம், அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 83 மீட்டர். உங்கள் பெட்டி ஒரு கிலோமீட்டருக்குள் அதைவிடத் தெளிவாக அதிகம் ஏறியதாகக் காட்டினால் கோளாறு வயரிலோ நிரலிலோ இருக்கிறது. கிலோமீட்டர் கற்களை மகன் பார்த்துச் சொல்லட்டும், மகள் எழுதட்டும். நிரலிலேயே எல்லாம் பதிந்துகொள்ளலாம்தான், ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நோட்டில் எழுதிய எண்தான் எண்.

குன்னூரிலும் ஊட்டியிலும் பலகையைவிட உங்கள் எண் குறைவாகவே இருக்கும். இரண்டு காரணம். முதலாவது பெரியது. அந்தச் சூத்திரம் அடிவாரத்தில் 15 டிகிரி வெப்பம் என்று நினைத்துக்கொள்கிறது. நம் காற்று சூடானது, சூடான காற்று மெலிந்தது, அதே அழுத்த இறக்கத்துக்கு இன்னும் உயரம் ஏற வேண்டியிருக்கும். மேட்டுப்பாளையத்தில் காலையில் 26 டிகிரி, ஊட்டியில் நண்பகலில் 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 1784 மீட்டர் ஏறியதாகச் சொல்லும். உண்மை ஏற்றம் 2203 − 326 = 1877. கிட்டத்தட்ட 93 மீட்டர் துண்டு விழுகிறது. திருத்தம் எளிது. இரண்டு இடத்து வெப்பத்தின் சராசரி 24, அதோடு 273 கூட்டினால் 297. சூத்திரம் நினைக்கும் சராசரி என்ன? 15இலிருந்து, காட்டிய உயரத்தில் பாதிக்கு மீட்டருக்கு 0.0065 டிகிரி வீதம் கழிக்க வேண்டும்: 15 − 892 × 0.0065 = 9.2. அதோடு 273, ஆக 282. இனி 1784 × 297 ÷ 282 = 1879. பலகையோடு இரண்டு மீட்டர்தான் வித்தியாசம். ஏழாம் வகுப்புக் கணக்கால் 93 மீட்டர் பிழை இரண்டாகச் சுருங்குவதை உங்கள் மகள் தன் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். ரயிலிலேயே போடட்டும்.

இதற்குக் காற்றின் வெப்பம் சரியாக வேண்டும், தவறு நடப்பதும் இங்கேதான். பிஎம்பி280 வெப்பமும் சொல்லும், ஆனால் ஈஎஸ்பி32 பக்கத்தில் ஒட்டி வைத்தால் அது போர்டின் சூட்டைச் சொல்லும், காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாக. வைஃபையையும் புளூடூத்தையும் நிரலில் அணையுங்கள். சென்சாரை 10 சென்டிமீட்டர் வயரில் பெட்டிக்கு வெளியே நீட்டுங்கள். அதன் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்சை லேசாகப் போர்த்துங்கள், அடைத்துவிடக் கூடாது. ஸ்பாஞ்ச் வெயிலை மட்டுமல்ல, நேரே வந்து மோதும் காற்றையும் தடுக்கத்தான். மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடும் பேருந்தின் சன்னலில் நேர்க்காற்று பட்டால் சென்சார் மீது ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் கூடுதலாக அழுத்தும், பெட்டி ஒன்பது பத்து மீட்டர் இறங்கிவிட்டதாகச் சொல்லும். மலை ரயில் மெதுவாக ஊர்வதால் இந்தத் தொல்லை குறைவு.

இரண்டாவது காரணம் முன்பு சொன்ன காற்றின் அலை. வண்டி ஏழு மணியை ஒட்டிக் கிளம்பி, பத்து மணிக்கு மேல் குன்னூர் சேர்ந்து, நண்பகல் வாக்கில் ஊட்டி போகும். குன்னூரில் நிற்கும்போது அலை உச்சத்தில் இருக்கும், அதனால் அங்கே மட்டும் பத்துப் பதினைந்து மீட்டர் கூடுதலாகக் குறையும். ஊட்டி சேரும்போது அழுத்தம் மறுபடி காலை ஏழு மணி அளவுக்குத் தணிந்திருக்கும், பிழை பெரும்பாலும் தானே ஈடாகிவிடும். நேர அட்டவணை செய்த உதவி இது. மாலை வண்டியில் திரும்பினால் இந்த உதவி கிடைக்காது.

பிழையைக் கணிப்பதைவிட அளப்பது நல்லது என்றால், இன்னொரு பிஎம்பி280 வாங்கி வீட்டிலேயே விட்டுச்செல்லுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைச் சேமித்துக்கொண்டிருக்கட்டும். கோவையும் நீலகிரியும் அருகருகே இருப்பதால் அலை இரண்டிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வரும். திரும்பி வந்து அந்த நேரத்து மாற்றத்தைக் கழித்துவிடலாம். ஒன்று முக்கியம்: கிளம்பும் முன் இரண்டு சென்சாரையும் ஒரு மணி நேரம் அருகருகே வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் உண்மை அழுத்தத்திலிருந்து 1 ஹெக்டோபாஸ்கல் வரை தள்ளிக் காட்டலாம், அது பழுதல்ல. மாற்றத்தைக் காட்டுவதில்தான் அது கெட்டிக்காரன், ஒரு மீட்டர் ஏற்றத்தைக்கூடப் பிடித்துவிடும். மாடிப்படியில் ஒரு தளம் ஏறிப் பாருங்கள், ஏறத்தாழ மூன்று மீட்டர் காட்ட வேண்டும். எண் உடனே மாறாமல் பத்து நொடி கழித்து மாறினால் பயப்பட வேண்டாம். சென்சாருக்கான நூலகத்தின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) மாதிரி நிரலில், எண் துள்ளாமல் சமன்செய்யும் வடிகட்டி 16இலும், அளவுகளுக்கு இடையே காத்திருப்பு 500 மில்லிநொடியிலும் இருக்கும். வடிகட்டி 16 என்றால் முக்கால்வாசி மாற்றத்தைக் காட்டவே 22 அளவுகள் வேண்டும். காத்திருப்பை 62.5 மில்லிநொடியாக்கினால் சரியாகிவிடும்.

பவர் பேங்க் அணைவதும் பழுதல்ல. இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைந்தால் கைபேசி நிரம்பிவிட்டது என்று எண்ணி அது தன்னை அணைத்துக்கொள்ளும். வைஃபை இல்லாத ஈஎஸ்பி32 ஐம்பது மில்லிஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் கூடுதலாக நூற்றுச் சொச்சம் மில்லிஆம்பியர் ஓடி விழித்திருக்கும். ஆனால் அது வீண் சூடு. நான்கு ஏஏ ரீசார்ஜ் செல்களை போர்டு மின்சாரம் வாங்கும் விஐஎன் பின்னில் கொடுப்பதே மேல், 2000 மில்லிஆம்பியர்-மணி செல்கள் ஒரு நாளுக்குமேல் தாங்கும். மூன்று செல் போதும் என்று தோன்றும், போதாது. வோல்ட்டை 3.3க்கு இறக்கும் போர்டின் ரெகுலேட்டர் ஒரு வோல்ட்டுக்குமேல் தின்னும், செல் சற்று இறங்கியதும் போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். கடையில் உதிரியாக விற்கும் லித்தியம் செல்லைப் பிள்ளைகள் பையில் வைக்க வேண்டாம்.

சென்சாரைக் கழற்றி மாட்டும்போது அதன் விசிசி (மின்சாரம் வாங்கும் கால்) 3.3 வோல்ட்டில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டர் இல்லாத ஊதா நிறப் போர்டு 5 வோல்ட்டில் செத்துவிடும். மாட்டிய பிறகு “சென்சார் இல்லை” என்று வந்தால் முகவரியை, அதாவது நிரல் சென்சாரை அழைக்கும் எண்ணை, பாருங்கள். நூலகம் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 77 என்று தேடும், அந்தப் போர்டுகள் பெரும்பாலும் ஹெக்ஸ் 76.

ஜிபிஎஸ் விஷயம். செயற்கைக்கோள்கள் சொல்லும் உயரம் பூமியை வழுவழுப்பான நீள்கோளமாக வைத்துக் கணக்கிட்டது. உண்மைக் கடல்மட்டம் அப்படி இல்லை, இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது அந்தக் கோளத்துக்கு 106 மீட்டர் கீழே கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நாம் இருக்கிறோம். இந்தத் திருத்தத்தைச் செய்யாத செயலி நம் ஊரில் 90 மீட்டர் அளவுக்குக் குறைத்துக் காட்டும். உங்கள் 320 அதுதான். கோவை ஏறத்தாழ 411 மீட்டர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மகனுக்கு ஒரு வேலை. மேட்டுப்பாளையத்தில் மூடியை இறுக்கிய காலி தண்ணீர்ப் பாட்டில் ஒன்றும், காற்றடைத்த சிப்ஸ் பாக்கெட் ஒன்றும் பையில் இருக்கட்டும். ஊட்டியில் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், பாக்கெட் உப்பி விறைத்து நிற்கும். அங்கே பாட்டிலைத் திறந்து ஊட்டிக் காற்றோடு மூடிக் கொண்டுவந்தால், கீழே இறங்கும்போது அது தானாக ஒடுங்கும். ‘பொய் சொல்ற பெட்டி’ காட்டிய எண்ணைப் பாட்டிலே ஆமோதிப்பதை அவன் பார்க்கட்டும். பாக்கெட்டை மட்டும் ஹில்குரோவ் நிலையத்தில் வெளியே எடுக்க வேண்டாம். இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி அங்கே நிற்கும், குரங்குகள் அதற்காகவே காத்திருக்கும்.