இம்பிளான்ட் வைத்த மார்பகம் ஒரு பக்கம் மட்டும் வீங்கினால்?

கேள்வி: வயது 37. 9 வருடங்களுக்கு முன் மார்பகத்தைப் பெரிதாக்க சிலிக்கான் இம்பிளான்ட் வைத்துக்கொண்டேன். 10 வருடத்தில் கட்டாயம் மாற்ற வேண்டுமாமே? விமானத்தில் போனால் வெடித்துவிடுமா? மார்பகப் புற்றுநோய் வருமா? நெட்டில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. இரண்டு மாதமாக வலது பக்கம் மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, வலி இல்லை. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டும் குறையவில்லை. ஆபரேஷன் செய்துகொண்டது கணவரைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதிய 'வலது பக்கம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது' என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இம்பிளான்ட் வைத்து ஒரு வருடம் தாண்டிய பிறகு ஒரு மார்பகம் மட்டும் வீங்கினால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பரிசோதிக்காமல் விடவே கூடாது. நீங்கள் ஏற்கெனவே இரண்டு மாதத்தை விட்டுவிட்டீர்கள்.

இம்பிளான்ட்டைச் சுற்றி உடல் தானாகவே நார்த்திசுவால் ஓர் உறை கட்டிக்கொள்ளும். அந்த உறைக்கும் இம்பிளான்ட்டுக்கும் நடுவில் நீர் கோத்துக்கொண்டால் இப்படி வீங்கும். அடிபட்டது, உராய்வு, கிருமித்தொற்று, ஜெல் கசிவு என்று பெரும்பாலும் சாதாரணக் காரணங்கள்தான். ஆனால் அனாபிளாஸ்டிக் லார்ஜ் செல் லிம்ஃபோமா என்ற மிக அரிதான புற்றுநோயும் பலருக்கு இப்படித்தான் தலைகாட்டுகிறது. இது நாம் வழக்கமாகச் சொல்லும் மார்பகப் புற்றுநோய் அல்ல. அந்த உறையில் தொடங்குகிற நிணநீர் செல் புற்றுநோய். பெரும்பாலும் ஆபரேஷன் ஆகி 8 முதல் 10 ஆண்டுகளில் தெரியவரும். மேற்பரப்பு சொரசொரப்பாக உள்ள 'டெக்ஸ்சர்டு' இம்பிளான்ட்களோடு தொடர்புடையது. அலர்கன் நிறுவனம் 'பயோசெல்' என்ற தன் சொரசொரப்பு வகை இம்பிளான்ட்களை 2019 ஜூலையில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது இதனால்தான்.

உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. அதுவாகவே இருந்தாலும், உறைக்குள் அடங்கியிருக்கும்போதே கண்டுபிடித்தால் இம்பிளான்ட்டையும் உறையையும் முழுதாக அகற்றும் ஆபரேஷனே பெரும்பாலானவர்களுக்குப் போதும். உறையைத் தாண்டிக் கட்டியாகி, அக்குளில் நெறிகட்டிய பிறகு வந்தால் சிகிச்சை நீளும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

இந்த வாரமே ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள். ஆபரேஷன் செய்தவரே கிடைத்தால் நல்லது. முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். நீர் இருந்தால் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, இம்பிளான்ட்டைக் குத்திவிடாமல், ஊசியால் எடுப்பார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வது, அன்றே வீடு திரும்பலாம்.

இங்கேதான் பல இடங்களில் தவறு நடக்கிறது. நீரை உறிஞ்சிக் கொட்டிவிட்டு, வீக்கம் வடிந்துவிட்டது என்று அனுப்பிவிடுகிறார்கள். கூடாது. எவ்வளவு வருகிறதோ அவ்வளவையும், 50 மில்லி கிடைத்தால் மிக நல்லது, செல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். படிவத்தில் 'இம்பிளான்ட் உள்ளவர், லிம்ஃபோமா சந்தேகம், சிடி30 பார்க்கவும்' என்று எழுதியிருக்க வேண்டும். சிடி30 என்பது இந்த லிம்ஃபோமா செல்களை அடையாளம் காட்டும் ஒரு புரதம். அது இல்லாவிட்டால் லேப்பில் வெறும் அழற்சி என்று முடித்துவிடக்கூடும். முதல் தடவை எடுக்கும் நீரில்தான் விடை தெளிவாகக் கிடைக்கும். அடுத்தடுத்து எடுக்கும்போது சந்தேகப்படும் செல்கள் குறைந்துபோகலாம். கிருமி இருக்கிறதா என்று கல்ச்சருக்கும் கொஞ்சம் போகட்டும்.

இப்போது அந்த ஆன்டிபயாடிக். யாரைக் கேட்டுச் சாப்பிட்டீர்கள்? காய்ச்சலும் இல்லை, சிவப்பும் இல்லை, வலியும் இல்லை. பிறகு எந்தக் கிருமிக்கு மாத்திரை? கிருமியே இருந்திருந்தாலும், அரைகுறையாகச் சாப்பிட்ட மாத்திரையால் கல்ச்சரில் அது தெரியாமல் போகலாம். அடுத்து மெடிக்கலில் 'வீக்கத்துக்கு' என்று ஸ்டீராய்டு கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். லிம்ஃபோமா செல்களைத் தற்காலிகமாக அமுக்கி, பரிசோதனையையே ஏமாற்றிவிடும். நீவிவிடுவதும் வேண்டாம். எந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மற்ற கேள்விகள். விமானத்தில் இம்பிளான்ட் வெடிக்காது. 10 வருடம் என்பது காலாவதித் தேதி அல்ல, பிரச்சினை வந்தால்தான் மாற்ற வேண்டும். ஆனால் ஆயுள் முழுக்க உழைக்கும் என்றும் எண்ண வேண்டாம். சிலிக்கான் ஜெல் சத்தமில்லாமல் கசியக்கூடும் என்பதால் 5-6 ஆண்டில் முதல் தடவையும், பிறகு 2-3 ஆண்டுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ பார்ப்பது நல்லது. சாதாரண மார்பகப் புற்றுநோய் இம்பிளான்ட்டால் கூடுவதில்லை. 40 வயதுக்கு மேல் மாமோகிராம் எடுக்கும்போது இம்பிளான்ட் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதை ஒதுக்கிவைத்து ஒவ்வொரு பக்கமும் கூடுதல் படங்கள் எடுப்பார்கள்.

டெக்ஸ்சர்டு வகை வைத்திருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள், இதைப் படித்துவிட்டு எடுத்துவிட ஓட வேண்டியதில்லை. நெட்டில் பரவும் பீதிக்காக ஓர் ஆபரேஷன் தேவையே இல்லை.

வீட்டில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். கணவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள், போதும். ஆனால் ஸ்கேன் எடுப்பவரிடமும் ஊசி போடுபவரிடமும் இம்பிளான்ட் இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆபரேஷன் அன்று கொடுத்த இம்பிளான்ட் கார்டைத் தேடி எடுங்கள். நிறுவனம், வகை, சீரியல் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். தொலைந்திருந்தால் அந்த மருத்துவமனையில் ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேளுங்கள். அது கைக்கு வரட்டும் என்று ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் வந்தாலோ தோல் சிவந்து சூடானாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.