பிரீமியம் கட்ட இன்சுலினைக் குறைப்பதா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஒன்பது வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. கணவர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். நோயைச் சொல்லித்தான் இரண்டு வருடம் முன்பு குடும்பக் காப்பீடு எடுத்தோம். இந்த முறையும் பிரீமியம் ஏறிவிட்டது. "இன்சுலினுக்கு ஒரு பைசா தராத பாலிசி எதுக்கு?" என்கிறார் கணவர். போன வாரம்தான் பார்த்தேன், செலவு குறையட்டும் என்று மகள் ராத்திரி ஊசியைப் பாதி அளவுதான் போட்டுக்கொள்கிறாள். என்ன செய்வது?
- ஒரு தாய், திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடைசி வரியைப் படித்ததும் மனசு பதறிவிட்டது. முதலில் மகள் ஊசியைப் பாதியாகக் குறைப்பதை நிறுத்துங்கள். டைப் 1-ல் உடம்பு தானாக இன்சுலின் சுரக்காது. ஊசி குறைந்தால் கொழுப்பு கரைந்து கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல், வாயில் பழவாடை என்று வரும். அஜீரணம் என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்து நேரத்தை விட்டுவிடுவார்கள். அந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

உங்கள் கணவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும். தினசரி ஊசிக்கும் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கும் தராது. ஆனாலும் விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குப் பணம் தராத ஆரம்பக் காலம், இப்போது அதிகபட்சம் 36 மாதம். அதில் பாதிக்கு மேல் தாண்டிவிட்டீர்கள். இப்போது விட்டால், டைப் 1 உள்ள பிள்ளைக்குப் புதிதாக பாலிசி கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். வேறு கம்பெனிக்கு மாறுவதென்றால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே போர்ட்டபிலிட்டிக்கு எழுதிக் கொடுங்கள், கடந்த மாதங்கள் கணக்கில் சேரும். நோயை மட்டும் அங்கேயும் மறைக்காதீர்கள். தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நோட்டீஸில் பழைய 18 சதவீத வரி இருக்கிறதா என்று பாருங்கள். தவணையில் கட்ட முடியுமா என்றும் கேளுங்கள்.

மாதச் செலவுக்கு வேறு வழி இருக்கிறது. கணவரின் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தால், மகளுக்கும் அதில் மருந்து வாங்கலாம். படுக்கையில் சேர வேண்டியதில்லை. அது இல்லையென்றால் உங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் ஹியூமன் இன்சுலின் இலவசம். ஆஸ்பத்திரியில் சேரும் செலவுக்கு, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் விண்ணப்பியுங்கள்.

ஒரு விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். இப்போது மகள் பென் ஊசி போடுகிறாள் என்றால், அரசு மருத்துவமனையில் தரும் குப்பி இன்சுலினுக்கு நீங்களாக மாறாதீர்கள். அளவும் நேரமும் மாறும், டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். அப்புறம், குப்பியில் 40 (ஒரு மில்லியில் 40 யூனிட்) என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடி. மருந்துக்கடை கவுன்டரிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறிப்போனால் அளவு இரண்டரை மடங்கு தப்பும்.

உங்கள் பெண் வீட்டுப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பதினாலு வயதில் தன்னால்தான் இந்தச் செலவு என்று நினைத்துவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள். இன்று ராத்திரி ஊசி போடும்போது நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்காருங்கள். அவள் அப்பாவே சொல்லட்டும்: "பணத்தை நாங்க பாத்துக்கறோம் கண்ணு, நீ முழுசாப் போடு."