செடி வளர என்னென்ன தேவை என்பதைக் குழந்தையே கண்டுபிடிக்க எப்படி உதவுவது?

எட்டு வயது மகன் ‘செடிக்கு நீர், காற்று, சூரிய ஒளி தேவை’ என்று பாடத்தை ஒப்பித்துவிடுகிறான், அதை அவனே செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தொடக்கப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாடமே இதுதான்.

விதை போடுவதற்கு முன்பே, “வெளிச்சமே இல்லாட்டி என்ன ஆகும்னு நினைக்கிற?” என்று கேட்டு, அவன் சொல்வதை நோட்டில் எழுதவோ படமாக வரையவோ சொல்லுங்கள். தவறாக இருந்தாலும் திருத்த வேண்டாம். முடிவு தெரிந்த பிறகு கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் “எனக்கு அப்பவே தெரியும்” என்றுதான் சொல்வார்கள். முன்னால் எழுதிய கணிப்பு கையில் இருந்தால்தான், நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளி அவன் கண்ணில் படும்.

பச்சைப்பயறு நல்ல விதை. இரவு ஊறவைத்தால் ஓரிரு நாளில் முளைவிடும், பிள்ளைகளின் பொறுமையைச் சோதிக்காது. அடியில் துளையிட்ட இரண்டு குவளைகள், ஒரே மண், ஒரே அளவு தண்ணீர். குவளைக்கு ஐந்தாறு விதைகளாவது போடுங்கள். ஒற்றை விதை முளைக்காமல் போனால், இருட்டால் போனதா, விதையே சொத்தையா என்று சொல்ல வழியில்லை.

ஒன்றை சன்னலோரத்திலும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வைப்பதுதான் வழக்கம். நான் அப்படிச் செய்வதில்லை. அலமாரியில் இருட்டு மட்டுமா மாறுகிறது? சூடும் காற்றோட்டமும் சேர்ந்து மாறிவிடுகின்றன. கடும் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் மேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிடலாம். “பெட்டி மூடினதால காற்று போகலைன்னா?” என்று அவன் கேட்டுவிட்டால் மனதாரப் பாராட்டுங்கள். மற்ற குவளையின் மேலும் அதே அளவில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கவிழ்த்தால் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் இப்படித்தான் பிடித்துக்கொள்கிறார்கள். விதியாகச் சொன்னால் மறந்துவிடுகிறார்கள்.

சில நாளில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் இருட்டில் இருந்த செடிதான் உயரமாக இருக்கும். “இருட்டுலதான் நல்லா வளருது!” என்று அவன் குதிப்பான். அந்த நேரத்தில், “இல்லப்பா, வெளிச்சம் வேணும்னு புத்தகத்துல போட்டிருக்கே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் அளந்தது உண்மை, பார்த்ததும் உண்மை. கண்ணால் கண்டதை விட்டுவிட்டுப் புத்தகத்தை நம்பு என்று சொன்னால் பரிசோதனையே வீண். “உயரம் மட்டும்தான் வளர்ச்சியா? வேற எதையெல்லாம் பார்க்கலாம்?” என்று கேளுங்கள். தண்டின் தடிமன், இலையின் அகலம், நிறம், சாயாமல் நிற்கிறதா என்பது என்று அவனே அடுக்குவான். பெட்டியை மறுபடி மூடிவிட்டுக் காத்திருங்கள். வெளுத்த அந்தச் செடிகள் துவண்டு சாயத் தொடங்கும். முழுதும் சாவதற்குள் அந்தக் குவளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் ஓரிரு நாளில் மஞ்சள் இலை பச்சையாக மாறுவதையும் பார்க்கலாம். பிள்ளைகள் அதிகம் வியப்பது இதைக் கண்டுதான்.

காரணம் விதைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு விதையும் கட்டுச்சோற்றோடுதான் புறப்படுகிறது. பயறின் இரண்டு பருப்புகளில் இருக்கும் உணவை வைத்துத்தான் முளை கிளம்புகிறது. மண்ணுக்கடியில் இருட்டு இருப்பது இயல்பு என்பதால், வெளிச்சம் படும்வரை தண்டை நீட்டுவதிலேயே அந்த உணவைச் செலவழிக்கும். உணவு தீர்ந்தபின் இலை ஒளியில் சமைத்தால்தான் பிழைப்பு. ஆக, முளைப்பதற்கு வேண்டியது வேறு, வளர்வதற்கு வேண்டியது வேறு. ஒளி இல்லாமலே பயறு முளைக்கும். (லெட்யூஸ் கீரை போன்ற சில சிறு விதைகள் விதிவிலக்கு, அவை முளைக்கவே ஒளி தேடும்.) பல பாடங்களில் இந்த இரண்டும் கலந்துகிடப்பதால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். இன்னும் சில முளைகளில் பருப்புகளை மெதுவாகக் கிள்ளிவிட்டு, கிள்ளாதவற்றோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கிள்ளியது நோஞ்சானாக நிற்கும்.

தண்ணீர் சோதனையில் ‘ஊற்றியது, ஊற்றாதது’ என்று இரண்டோடு நிறுத்தாமல், துளையில்லாத குவளையில் தேங்கத் தேங்க ஊற்றிய மூன்றாவது ஒன்றையும் வையுங்கள். அதுவும் வாடும். மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றை நீர் வெளியேற்றிவிடுகிறது, வேருக்கு மூச்சு முட்டுகிறது. காற்றைப் பற்றி இந்த வயதில் வீட்டிலேயே எளிதாகக் காட்டக்கூடியது இதுதான் என்பது என் எண்ணம்.

மண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் ஹெல்மான்ட்டின் கதையைச் சொல்லுங்கள். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிவியலாளர். 200 பவுண்டு (சுமார் 90 கிலோ) உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரம் சுமார் 169 பவுண்டு ஆனது. மண்ணை மறுபடி உலர்த்தி எடைபோட்டால் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ் (சுமார் 57 கிராம்). செடி மண்ணைத் தின்று வளரவில்லை என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் மரம் முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவுகட்டியது சரியல்ல. காற்றிலிருந்து மரம் எடுத்துக்கொண்டதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. குறைந்த அந்த 2 அவுன்ஸும் அற்பமல்ல, செடிக்கு வேண்டிய தாது உப்புகள் மண்ணிலிருந்துதான் போகின்றன. “அவர் எதை விட்டுட்டார்னு நினைக்கிற?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். ஒரு வாரம் கழித்துச் சாப்பிடும்போது பதில் சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இதற்குப் பிறகு வரும் சோதனையை அவனே திட்டமிடட்டும். உப்புநீர் ஊற்றட்டும், வண்ணத்தாள் போர்த்தட்டும், நெருக்கமாக விதைத்துப் பார்க்கட்டும். உப்புநீரையும் வண்ணத்தாளையும் ஒரே குவளையில் சேர்க்கப் போனால் மட்டும் நிறுத்தி, “செடி வாடினா, எதனால வாடிச்சுன்னு எப்படிச் சொல்லுவ?” என்று கேளுங்கள்.