ஜிம்மியை உறையவைக்க நிலையான வைப்பை எடுக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கோண்டாவிலில் தனியாக இருக்கிறேன். கணவர் காலமான பிறகு எனக்குத் துணை ஜிம்மிதான். பொமேரியன், 6 கிலோ, வயது 13. சிறுநீரகம் பழுதாகிவிட்டது, கனநாள் இருக்காது என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் செல்லப்பிராணிகளின் உடலை உறையவைத்துப் பாதுகாக்கிறார்களாம், பிற்காலத்தில் உயிர்ப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில். ஓய்வூதியம் வருகிறது. அதைவிட 30 இலட்சம் ரூபா 8 வீத வட்டிக்கு நிலையான வைப்பில் கிடக்கிறது, அடுத்த மாதம் முதிர்கிறது. அதை இதற்கு எடுக்கலாமா?

பதில்: ரீச்சர், எடுக்க வேண்டாம். ஜிம்மிக்காக எவ்வளவும் செலவழிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து இதற்குக் காசு கட்டினால், அவர்கள் செய்வதில் நல்ல பாதி ஜிம்மிக்குக் கிடைக்காது.

முதலில் கணக்கு. இப்படி உடல்களை உறையவைத்துப் பாதுகாக்கும், அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட கட்டணப்படி, 15 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 7 கிலோ வரையான நாய்க்கு 5,800 டொலர். உறுப்பினரின் நாயைத்தான் ஏற்பார்கள். ஆயுள் சந்தா 1,250 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலே மொத்தம் 21 இலட்சத்து 15 ஆயிரம். வைத்தியர் செலவு, பெட்டி, விமானக் கூலி, சுங்கப் பத்திரங்கள் எல்லாம் இதற்கு மேல். மனிதர்கள் பெரும்பாலும் ஆயுள் காப்புறுதி எடுத்து இதைச் சமாளிப்பார்கள். நாய்க்கு அந்த வழி இல்லை, முழுவதும் கைக்காசு.

இப்போது வைப்பைப் பாருங்கள். வரியை விட்டுப் பார்த்தால் 30 இலட்சத்துக்கு மாதம் 20,000 ரூபா வட்டி. 21 இலட்சம் போனால் மிஞ்சுகிற தொகைக்கு 6,000 கூட வராது. மாதம் 14,000 ரூபா குறைகிறது, அதுவும் நீங்கள் இருக்கும்வரை. மருந்துச் செலவு கூடிக்கொண்டு போகிற வயதில் இது சின்னத் தொகை இல்லை.

இனித்தான் முக்கியமான விஷயம். இறந்த உடனேயே உடலைக் குளிர்த்தி, இரத்தத்தை வெளியேற்றி, உறைகாப்பு மருந்தை இரத்தக்குழாய்கள் வழியே செலுத்த வேண்டும். அப்புறம்தான் மைனஸ் 196 பாகையில் திரவ நைதரசனில் வைப்பார்கள். மருந்து சரியாக ஏறாவிட்டால் உடலிலுள்ள நீர் பனிப்படிகமாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். ஜிம்மி இங்கே கண்மூடினால், கட்டுநாயக்கா போய் விமானம் மாறி மிச்சிகன் சேர நாட்கள் எடுக்கும். அதற்குள் மூளை பெரிதும் சிதைந்துவிடும். எல்லாம் சரியாக நடந்தாலும், இப்படி உறையவைத்த ஒரு நாயோ மனிதரோ இன்றுவரை உயிர்பெற்று எழுந்ததில்லை.

நிறுவனமும் காலாகாலத்துக்கும் நிலைக்க வேண்டும். கலிபோர்னியாவின் சாட்ஸ்வர்த்தில் இதே வேலை செய்த ஓர் அமைப்புக்கு 1970களில் காசு தீர்ந்து, பாதுகாத்த மனித உடல்கள் உருகிப் போயின. இன்றைய நிறுவனங்கள் அதில் பாடம் படித்து முன்கூட்டியே முழுக் கட்டணமும் வாங்குகின்றன. ஆனாலும் அங்கே ஏதும் பிசகினால் கோண்டாவிலில் இருந்து நீங்கள் யாரைக் கேட்பீர்கள்?

குளோனிங் பற்றியும் யாராவது சொல்லுவார்கள். டெக்சாஸில் உள்ள வயாஜென் நிறுவனம் நாய்க்கு 50,000 டொலர் கேட்கிறது, ஒன்றரைக் கோடி ரூபா. வருவது ஜிம்மி அல்ல, அதே மரபணுவோடு பிறக்கும் வேறு குட்டி. 2001இல் பிறந்த முதல் குளோன் பூனைக்கு மூலப் பூனையின் நிறமே வரவில்லை. இழையத் துண்டை மட்டும் சேமிக்க 1,600 டொலரளவில் எடுக்கிறார்கள். அதுவும் கிட்டத்தட்ட ஐந்து இலட்சம் ரூபா, குளோனிங் செய்யும் எண்ணம் இல்லாவிட்டால் பயனில்லை.

பிள்ளைகள் யாராவது வெளிநாட்டில் இருந்து தங்கள் காசில் செய்யலாம் என்றால், அவர்களுக்கும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். தூரத்தால் வரும் சிக்கல் அவர்கள் காசுக்கும் அதேதான்.

அடுத்த மாதம் முதிரும்போது 29 இலட்சத்தைத் திரும்ப வைப்பிலிடுங்கள், வட்டியை மாதாமாதம் எடுக்கும் முறையில். ஒரு இலட்சத்தை ஜிம்மிக்கென்று சேமிப்புக் கணக்கில் ஒதுக்குங்கள். சிறுநீரக நோய்க்கான உணவு, சேலைன், இரத்தப் பரிசோதனை, வைத்தியர் வீட்டுக்கு வரும் கட்டணம் எல்லாம் அதிலிருந்து போகட்டும். கடைசி நேரத்தில் வலி தெரியாமல் வைத்திருக்க என்ன செய்யலாம், இரவில் யாரைக் கூப்பிடலாம் என்று வைத்தியரிடம் இந்தக் கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.